இருபத்து நாலு வீட்டு இரட்டையர்கள்

அறுபத்தொன்பது வயதில் தனக்கு இரட்டைக் குழந்தை பிறந்திருக்கும் செய்தி, கவுன்சிலிலிருந்து வந்த போனில்தான் கிளமென்ட்டுக்குத் தெரிந்தது.

"ட்ரேஸின்னு ஒரு பொண்ணு லா. கங்கிராஜுலேஷன்ஸ்னு சொல்லுச்சு," என்று ராகவியின் வீட்டு வாசலில் நின்று சொன்னார். "யாராவது வாழ்த்துச் சொன்னா நான் உடனே தேங்க்யூ சொல்லிருவேன், பழக்கம். அப்புறம் கேக்குது, ஆபரேஷன் பண்ண எடம் ஆறிருச்சா, இப்ப வெயிட் தூக்க முடியுதான்னு. அப்பத்தான் எனக்கு லேசா டவுட் வந்துச்சு."

ராகவியின் இடுப்பில் அபர்ணா இருந்தாள். பார்த்தீபன் அவள் காலைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகிக்கொண்டிருந்தான். இருவருக்கும் பத்து மாதம். ஆக்லாந்தின் பிளாட் புஷ்ஷில் புதிதாக எழும்பிய டூயி ரைஸ் குடியிருப்பில் அறுபத்து நாலு வீடுகள். அதில் இரட்டைக் குழந்தை உள்ள வீடு அவளுடையது ஒன்றுதான்.

"அங்கிள், நீங்க கவுன்சிலுக்கு அனுப்புன லெட்டரைக் கொஞ்சம் காட்டுங்க."

கிளமென்ட் போனை நீட்டினார். ராகவி படித்தாள். அவள் எழுதிய கடிதம்தான். 'சென்ற அக்டோபரில் எனக்கு ஆபரேஷன் மூலம் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன' என்ற முதல் வரியிலிருந்து 'ஒரு தாயாக உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்' என்ற கடைசி வரி வரை ஓர் எழுத்து மாறவில்லை. அடியில் மட்டும் கிளமென்ட் அருள்தாஸ், வீட்டு எண் நாற்பத்தொன்று.

"அவங்கவங்க சொந்தக் கதையை எழுதணும்னு சொல்லித்தானே குடுத்தேன்?"

"நீ சொன்னியா? ரவிசங்கர் அனுப்புனப்ப ஒரு கமாகூட மாத்தக்கூடாதுன்னு போட்டிருந்தாரே."

குடியிருப்புச் சங்கத் தலைவர் ரவிசங்கர் அதை அனுப்பியது கிளமென்ட்டுக்கு மட்டும் இல்லை. டூயி ரைஸ் தமிழர் வாட்ஸப் குழுவில் இருக்கும் அத்தனை வீட்டுக்கும்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். டூயி ரைஸுக்கு முன்னால் ஹாரியர் ரோடு ஓடுகிறது. சாலைக்கு இந்தப் பக்கம் வீடுகள். அந்தப் பக்கம் ஒரு டேகேர், டெய்ரி என்று இந்த ஊரில் சொல்லும் ஒரு பெட்டிக்கடை, ஒரு பஸ் ஸ்டாப். நடுவில், காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை, வால் முடியாத ரயில் மாதிரி கார்கள். சிக்னல் எண்ணூறு மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே போய்க் கடந்து மறுபக்கமாகத் திரும்பி வரலாம் என்று யாராவது சொன்னால் அவர் ப்ராம் தள்ளாதவர் என்று அர்த்தம். மறுபக்கத்தில் பாதி தூரம் நடைபாதையே கிடையாது, வெறும் புல்தரை. ஆக்லாந்து மழையில் நனைந்த அந்தப் புல்லில் இரட்டை ப்ராமின் சக்கரம் அச்சுவரை இறங்கும். ராகவி ஒரு முறை இறக்கிப் பார்த்திருக்கிறாள். ஒரு டிராக்டர் தேவைப்படும் என்று அன்று தோன்றியது.

ராகவிக்கு எல்லர்ஸ்லியில் ஒரு சம்பளப் பட்டியல் மென்பொருள் கம்பெனியில் வேலை. லீவ் முடிந்து அக்டோபர் ஆறாம் தேதி சேர வேண்டும். கணவன் மதன்குமார் இருக்கும் ஒரே காரை எடுத்துக்கொண்டு ஐந்தரைக்கே விமான நிலைய வேலைக்குப் போய்விடுவான். இன்னொரு கார் என்று பேச்செடுத்தால் மார்ட்கேஜ் கதவைத் தட்டும். ஆக, ராகவி குழந்தைகளை டேகேரில் விட்டு ஏழு இருபத்து நாலு பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அதற்கு அந்தச் சாலையைக் கடந்தாக வேண்டும். போன மாதம் ஒத்திகை பார்த்தாள். பதினொரு நிமிடம் காத்திருந்து பாதி கடந்தாள். நடுக்கோட்டில் ப்ராமோடு மாட்டிக்கொண்டாள். முன்சக்கரத்துக்கும் ஒரு லாரிக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது.

மேனேஜர் நல்லவர். நல்லவர்கள் கெடு வைப்பார்கள். வருகிற வெள்ளிக்கிழமை மாலைக்குள் வருகிறாயா இல்லையா என்று சொல்லிவிடு, இல்லாவிட்டால் வேறு ஆள் எடுக்க வேண்டியிருக்கும் என்று மெயில் போட்டிருந்தார்.

இந்த நிலைமையில்தான் லோக்கல் போர்டு அந்தச் சாலையில் பாதசாரிகளுக்கு ஏதாவது செய்யலாமா என்று கருத்துக் கேட்டது. கவுன்சிலுக்குக் கீழே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு போர்டு உண்டு. பூங்கா பெஞ்ச், நடைபாதை, சாலைக்கடப்பு போன்ற, மனிதர்களுக்கு உண்மையில் தேவைப்படும் விஷயங்களையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும். ராகவி நேராக டூயி ரைஸ் வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கத் தலைவர் ரவிசங்கரிடம் போனாள்.

சங்கம் அதுவரை செய்த பெரிய காரியம், வேலிக்குக் கரும்சாம்பல் நிறம்தான் அடிக்க வேண்டும் என்று பஞ்சாபிக் குடும்பம் ஒன்றோடு எட்டு மாதம் மல்லுக்கட்டியது. யார் வீட்டுப் புல் எத்தனை சென்டிமீட்டர் என்று ரவிசங்கர் ஸ்கேல் வைத்து அளப்பார். அப்படிப்பட்டவருக்குக் கவுன்சிலோடு மோத ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததும் பத்து வயது குறைந்துவிட்டது.

"நீ ஒரு மாடல் லெட்டர் எழுதிக் குடும்மா," என்றார். "மத்ததை நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்ட லட்சணம்தான் இது.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. நம்மவர்களுக்குக் கடிதம் என்றாலே பார்த்து எழுதுவது. ஐந்தாம் வகுப்பில் டீச்சர் போர்டில் எழுதிப்போட்ட லீவ் லெட்டரில் காய்ச்சல் என்று இருந்தது. அதனால் அத்தை கல்யாணத்துக்குப் போனாலும், காதுகுத்துக்குப் போனாலும், திருச்செந்தூர் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாலும் 'காய்ச்சலால் அவதிப்படுவதால்' என்றுதான் எழுதினோம். ரவிசங்கருக்குப் பள்ளிக்கூடத்தில் மொத்தம் ஏழு வருடம் காய்ச்சல். மாற்றி எழுதினால் மார்க் போகும் என்ற பயம் பிளேன் ஏறினால் இறங்கிவிடுமா என்ன.

சீனக் குடும்பங்கள் ஏழு கடிதம் அனுப்பினார்கள், ஏழும் ஏழு மாதிரி. பஞ்சாபிகள் மூன்று. அதில் ஒன்று வேலி நிறத்தைப் பற்றி. தமிழ் வீடுகள் ராகவியையும் சேர்த்து இருபத்து நாலு. இருபத்து நாலும் அக்டோபரில் ஆபரேஷனில் இரட்டை பெற்றிருந்தன.

அன்று மாலையே ரவிசங்கரின் கராஜில் அவசரக் கூட்டம் கூடியது. கார்ப்பெட் போட்ட கராஜ், மடக்கு நாற்காலிகள். அவர் மனைவி லக்ஷ்மிப்ரியா மிளகாய் பஜ்ஜி போட்டிருந்தாள். கிளமென்ட் மனைவி செல்வியோடு வந்திருந்தார். பன்னிரண்டாம் எண் வீட்டு செல்வநாயகி அம்மா கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு மூலையில் இருந்தார். வவுனியாவில் முப்பது வருடம் தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவர்.

ரவிசங்கர் ட்ரேஸியின் மெயிலை வாசித்தார். மிக மரியாதையான மெயில். ஒரே தெருவில், ஒரே மாதத்தில், நாற்பத்தெட்டுக் குழந்தைகள் பிறந்திருப்பதைப் போர்டு மகிழ்ச்சியோடு கவனித்திருக்கிறது. இந்தப் பகுதிக்குச் சாலைக்கடப்பைவிட ஒரு தாய்சேய் நல மையம் அவசரமோ என்று விசாரிக்கச் சம்பந்தப்பட்ட பிரிவுக்குத் தகவல் அனுப்பப்பட்டுள்ளது. வியாழக்கிழமை கூட்டத்துக்கு யாராவது வந்து விளக்கினால் நல்லது.

"இது கிண்டலா, நெஜமா?" என்றாள் லக்ஷ்மிப்ரியா.

யாருக்கும் தெரியவில்லை. கிவிக்காரர்கள் கிண்டல் செய்யும்போதுதான் ரொம்ப மரியாதையாக எழுதுவார்கள்.

"ஆன்ட்டி, நீங்களாவது படிச்சுப் பாத்துட்டு அனுப்பியிருக்கலாம்ல?" என்று ராகவி செல்வநாயகியைக் கேட்டாள்.

"நான் முப்பது வருஷம் தபால் கந்தோரில இருந்தனான் பிள்ளை. ஆற்ரை கடிதத்தையும் வாசிக்கிற பழக்கம் எனக்கில்லை. வந்துது, அனுப்பினனான்."

"அதுல உங்க பேரைப் போட்டீங்களே."

"ஓம், அனுப்புறவற்ரை பேர் இல்லாமல் கடிதம் போகாது."

ரவிசங்கர் தொண்டையைச் செருமினார். "பதட்டப்படாதீங்க. நான் ஒரு வழி யோசிச்சிருக்கேன். வியாழக்கிழமை எல்லா வீட்லேர்ந்தும் ஒரு கொழந்தையத் தூக்கிட்டு வந்துருவோம். என் தங்கச்சி பேரன் பக்குரங்கால இருக்கான். நம்ம தெரு வெற்றியோட பையன் இருக்கான்."

"வெற்றி பையனுக்கு ஏழு வயசு, இயர் த்ரீ படிக்கிறான்," என்றாள் லக்ஷ்மிப்ரியா.

"உக்காந்தா சின்னதாத் தெரிவான்."

"நீங்க முதல்ல உக்காருங்க."

ராகவி எழுந்தாள். "அங்கிள், இன்னிக்குத் திங்கள். நமக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு. நான் வீடு வீடாப் போறேன். ஒவ்வொருத்தரும் எதுக்காக ரோட்டைக் கடக்குறாங்கன்னு அவங்க வாயால சொல்லட்டும், நான் எழுதிக்கிறேன். இருபத்து நாலு உண்மையான காரணம் இருந்தாப் போதும்."

கராஜில் திடீரென்று எல்லோருக்கும் பஜ்ஜியில் அக்கறை வந்தது. ராகவி அதை அப்போது கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ப்ராமைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். முதல் வீட்டில் அந்தப் பக்கம் நாங்கள் போவதே இல்லை, கார்தான் என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் அதே. மூன்றாவது வீட்டில், "உனக்காகத்தான்மா போட்டோம், நீ கஷ்டப்படறியேன்னு," என்று சொல்லி மைசூர்பாகு கொடுத்தார்கள். ஒன்பது வீடு முடிந்தபோது கையில் மைசூர்பாகும் ரிப்பன் பக்கோடாவும் சேர்ந்திருந்தன. நோட்டில் ஒரு காரணம்கூட ஏறவில்லை.

நாற்பத்தொன்றாம் எண்ணில் செல்வி இல்லை. கிளமென்ட் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

"அங்கிள், நீங்க தினம் அந்தப் பக்கம் போறதை நான் ஜன்னல்ல பாத்திருக்கேன்."

"வாக்கிங் லா."

"டெய்ரி வரைக்கும் வாக்கிங்கா?"

கிளமென்ட் இன்னொரு முறை தெருவைப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "மின்ஸ் அண்ட் சீஸ் பை, கொத்துக்கறியும் சீஸும் உள்ள வச்சுச் சுட்டது. ஒரு நாளைக்கு ஒண்ணுதான். எனக்கு நெஞ்சுல மூணு ஸ்டென்ட் வச்சிருக்கு. செல்வி வீட்டுல உப்பைக்கூடப் பூட்டி வச்சிருக்கா. இதை நீ எழுதுனா எனக்கு நாலாவது ஸ்டென்ட் அவளே வச்சிருவா."

"சரி, எழுதல."

"சத்தியமா?"

"சத்தியமா அங்கிள்."

பன்னிரண்டாம் எண்ணில் செல்வநாயகி அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்தார். மருமகள் கடைக்குப் போயிருந்தாள்.

"நான் செவ்வாயும் வெள்ளியும் பஸ் எடுத்துப் பக்குரங்கா பிளாசாவுக்குப் போறனான். இண்டைக்கு உந்த மழையால போகேல்லை. அங்க ஒரு கோப்பிக் கடை இருக்கு. ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு ஒரு மணித்தியாலம் சும்மா இருப்பன். ஒருத்தரும் என்னோட கதைக்காயினம். நல்லா இருக்கும்."

"இதுல என்ன ஆன்ட்டி, அழகா எழுதலாமே."

"எழுதாத. வீட்டில பஜனைக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போறனான். மருமகள் நல்ல பிள்ளை, குறை சொல்லேலாது. ஆனா காலமை எழும்பினா இரவு படுக்கும் வரைக்கும் என்னோட கதைச்சுக்கொண்டே இருப்பாள். எனக்குக் காது களைச்சுப்போச்சு. அதை அவளுக்கு எப்பிடிச் சொல்லுறது?"

ராகவி இங்கேயும் சத்தியம் செய்தாள். அன்று அவள் செய்த சத்தியங்களை ஒரு கோர்ட் தாங்காது. ஒருத்தர் பஸ்ஸில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போகிறார், மூன்றாவது முறை டெஸ்ட்டில் ஃபெயிலானது வெளியே தெரியக்கூடாது. ஒருத்தி டெய்ரியில் லாட்டோ சீட்டு வாங்குகிறாள், புருஷன் பொருளாதாரம் படித்தவன். கடைசியில் ரவிசங்கரைத் தேடிப்போனபோது அவர் வீட்டில் இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம், பஸ் ஸ்டாப் நிழற்குடைக்குப் பின்னால், தெரிந்த ஒரு வழுக்கைக்கு மேலே மெல்லிய புகை எழும்பிக்கொண்டிருந்தது. டூயி ரைஸ் எல்லைக்குள் புகைபிடிக்கக்கூடாது என்று சங்க விதிகளில் ஆறாவது விதியை எழுதியதே அவர்தான். மனைவிக்கு வாக்குக் கொடுத்து இரண்டு வருடமாகிறது என்பதும் குடியிருப்பு முழுக்கத் தெரியும், அவரே கேக் வெட்டிக் கொண்டாடியிருந்தார்.

ராகவிக்கு அப்போதுதான் விளங்கியது. இவர்கள் சோம்பேறித்தனத்தில் மட்டும் காப்பியடிக்கவில்லை. தங்கள் காரணத்தைச் சொல்ல முடியாதவர்களுக்கு அவளுடைய இரட்டைக் குழந்தைகள் நல்ல மறைப்பாகக் கிடைத்திருந்தன. இருபத்து மூன்று வீடும் அந்தச் சாலையைக் கடக்கின்றன என்றே வைத்துக்கொண்டாலும், கடக்கிறேன் என்று கையெழுத்துப் போட ஓர் ஆள் கிடையாது.

வியாழக்கிழமை லக்ஷ்மிப்ரியாவின் எட்டு சீட் வண்டியில் எல்லோரும் போனார்கள். ரவிசங்கர் கோட் போட்டிருந்தார். உள்பையில் நாலு பக்கத்துக்கு ஓர் உரை. முதல் இரண்டு பக்கம் போர்டு உறுப்பினர்களைப் பெயர் சொல்லி வரவேற்பது.

"அங்கிள், நமக்கே மூணு நிமிஷம்தான் குடுத்திருக்காங்க. அவங்க எடத்துக்கு வந்து நாம அவங்களை வரவேத்தா நல்லா இருக்காது."

"ஒரு மரியாதைம்மா."

"பேசுறது நான்தான்னு பேர் குடுத்துட்டேன்."

அவர் உரையைத் தடவிப் பார்த்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். பாவமாக இருந்தது. ஆனால் ஏழு இருபத்து நாலு பஸ் பாவம் பார்க்காது.

சின்ன ஹால். அரைவட்ட மேஜையில் ஏழு உறுப்பினர்கள். நடுவில் தலைவி, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். பக்கத்தில் ஓர் இஞ்சினீயர், ஓரத்தில் ட்ரேஸி. ட்ரேஸி ப்ராமைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு குழந்தைகளையும் எண்ணினாள். இரண்டுதான்.

ராகவி மைக் முன்னால் உட்காரும்முன்பே தலைவி சிரித்துக்கொண்டே கேட்டார். "டூயி ரைஸிலிருந்து வந்திருக்கிறவர்களில் இரட்டைக் குழந்தை உள்ளவர்கள் கையைத் தூக்குங்களேன்."

ராகவி தூக்கினாள். பின்னால் கிளமென்ட்டின் கை பழக்கதோஷத்தில் பாதி ஏறிவிட்டு இறங்கியது. மேஜையில் இரண்டு மூன்று பேர் இருமினார்கள்.

ராகவி தயாரித்து வைத்திருந்ததை மடித்து வைத்துவிட்டாள். "அந்தக் கடிதம் என்னுடையது. நான் எழுதியது. மற்றவர்கள் எனக்கு உதவி செய்ய நினைத்து அதையே அனுப்பிவிட்டார்கள். அதை ஒரு கடிதமாகவே எண்ணிக்கொள்ளுங்கள்," என்றாள். அப்புறம் நடுக்கோட்டில் நின்ற அந்தக் காலையைப் பற்றிச் சொன்னாள். லாரியைச் சொன்னாள். நாளை மாலைக்குள் மேனேஜருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதையும், கடக்க முடியாவிட்டால் வேலையை விடுவதைத் தவிர வழியில்லை என்பதையும் சொன்னாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஓர் உறுப்பினர், ஒல்லியானவர், பேனாவைத் தட்டினார். "வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பட்டியலில் ஒன்பது சாலைகள் இருக்கின்றன. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இந்தச் சாலையைக் கடப்பது உங்கள் வீடு ஒன்றுதான் போலிருக்கிறதே. வேறு யாராவது கடக்கிறார்களா?"

ராகவி திரும்பிப் பார்த்தாள். கிளமென்ட் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வநாயகி சால்வையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். ரவிசங்கர் கூரையில் ஏதோ முக்கியமாக இருப்பதுபோல் பார்த்தார். ஒரு வாய் திறந்தால் போதும். பை, கோப்பி, சிகரெட். அவள் நாக்கு நுனியில் மூன்றும் வந்து நின்றன.

"என்னைப் பத்தி மட்டும்தான் நான் சொல்ல முடியும்," என்றாள்.

ஒல்லி உறுப்பினர் தலையசைத்து ஏதோ குறித்துக்கொண்டார். இங்கிருந்து பார்க்க அது ஒன்று என்ற எண் மாதிரிதான் இருந்தது.

நாற்காலி தரையில் உராய்ந்தது. கிளமென்ட் எழுந்து நின்றிருந்தார். நேரம் வாங்காமல் பேசக்கூடாது என்று ட்ரேஸி சொல்ல வாயெடுத்தாள், தலைவி கையமர்த்தினார்.

"மேடம், என் பேர் கிளமென்ட்," என்று அவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். "எனக்கு ட்வின்ஸ் இல்ல. ஆபரேஷன் நடந்துச்சு, ஆனா நெஞ்சுல. நான் தினம் காலையில பத்தே காலுக்கு அந்த ரோட்டைக் கடக்குறேன்." பக்கத்தில் செல்வி நிமிர்ந்து பார்ப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குரல் ஒரு படி இறங்கியது. "பை வாங்க."

தலைவி கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"என்ன பை?" என்றாள் செல்வி தமிழில்.

"வீட்டுல பேசலாம் லா."

"என்ன பைன்னு கேட்டேன்."

"மின்ஸ்."

"சீஸ் போட்டதா?"

கிளமென்ட் போர்டைப் பார்த்து, "சீஸ் போட்டது," என்று ஆங்கிலத்தில் பதிவு செய்துவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்து செல்வநாயகி எழுந்தார். இவரும் ஆங்கிலம்தான், முப்பது வருடம் அரசாங்கத்துக்கு எழுதிய ஆங்கிலம், ஒவ்வொரு சொல்லும் முத்திரை குத்தியதுபோல் விழுந்தது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது ஐம்பதுக்குச் சாலையைக் கடந்து பஸ் எடுக்கிறேன், எங்கே போகிறேன் என்பது இந்தச் சபைக்குத் தேவையில்லை, திரும்பி வருகிறேன் என்பதே முக்கியம் என்றார். தலைவி அதை ஏற்றுக்கொண்டார். ராகவிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். உட்காரும்போது அவர் ராகவியின் காதில், "மருமகளுக்கு நானே சொல்லுறன். எப்பிடியும் இந்தக் கூட்டத்தைப் பதிவு பண்ணி இன்டர்நெட்டில போடுவினமாம்," என்றார்.

இப்போது எல்லோரும் ரவிசங்கரைப் பார்த்தார்கள். அவர் எழுந்து கோட் பட்டனைப் போட்டார், கழற்றினார். ஒரு சங்கத் தலைவர் படும் வேதனை முழுவதும் அந்தப் பட்டனில் இருந்தது.

"நானும் கடக்குறேன். ஒரு நாளைக்கு நாலு தடவை."

"எதற்காக என்று தெரிந்துகொள்ளலாமா?" என்றார் ஒல்லி உறுப்பினர்.

"காத்து வாங்க. நல்ல காத்து."

லக்ஷ்மிப்ரியா திரும்பாமல், மெதுவாக, முழு ஹாலுக்கும் கேட்கும்படி ஆங்கிலத்திலேயே கேட்டாள். "அந்தக் காத்து பாக்கெட்ல எத்தனை வருது?"

முதலில் சிரித்தது ட்ரேஸி. அப்புறம் தலைவி. ஒல்லி உறுப்பினர் சிரிக்காமல் கூட்டிப்பார்த்தார். நாலு தடவை போவது, நாலு தடவை வருவது, எட்டு. பை இரண்டு. பஸ் வாரத்துக்கு நாலு. "ஒரு நாளைக்கு இவ்வளவு கடக்கிறார்களென்றால் இந்தப் பட்டியலிலுள்ள மற்ற சாலைகளைவிட இது அதிகம்தான்," என்று சற்று மனவருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

இஞ்சினீயர் பேசினார். அந்த வளைவில் வரிக்குதிரைக் கோடு போட முடியாது, வண்டிக்காரர்களுக்குத் தூரத்திலிருந்து தெரியாது. ஆனால் சாலை நடுவில் ஒரு சின்னத் தீவு கட்டலாம். ஒரு பக்கம் கடந்து, நின்று, மறுபக்கம் கடக்கலாம். செப்டம்பர் கடைசிக்குள் முடியும். வழக்கமாக ஒன்று புள்ளி எட்டு மீட்டர் அகலம்.

"போதாது," என்றாள் ராகவி.

எல்லோரும் பார்த்தார்கள்.

"ப்ராம் முன்சக்கரத்துலேர்ந்து என் முதுகு வரைக்கும் ரெண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர். அன்னிக்கு நடுக்கோட்டுல நின்னுட்டு வீட்டுக்கு வந்ததும் டேப் வச்சு அளந்தேன். ஒண்ணு எட்டுன்னா ஒண்ணு என் முதுகு ரோட்டுல இருக்கும், இல்ல கொழந்தைங்க கால் இருக்கும்."

இஞ்சினீயர் ப்ராமைப் பார்த்தார். எழுந்து வந்து, தன் டேப்பை எடுத்து, அவளைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி அளந்தார். அபர்ணா டேப்பின் நுனியைப் பிடித்து வாயில் வைத்தாள். இரண்டு மீட்டர் பன்னிரண்டு. இன்று ராகவி தடித்த குளிர் ஜாக்கெட் போட்டிருந்தாள்.

"இரண்டு நாற்பது," என்று அவர் எழுதிக்கொண்டார்.

ஓட்டெடுப்பில் ஐந்து பேர் கை தூக்கினார்கள், இரண்டு பேர் தூக்கவில்லை. ஒல்லி உறுப்பினர் தூக்கினார்.

திரும்பி வரும் வண்டியில் யாரும் வெற்றியைப் பற்றிப் பேசவில்லை. செல்வி கிளமென்ட்டுக்கு இனி என்னென்ன கிடையாது என்று பட்டியல் சொல்லிக்கொண்டு வந்தாள், பட்டியல் வழியிலிருக்கும் போட்டனியைத் தாண்டியும் முடியவில்லை. லக்ஷ்மிப்ரியா ஓட்டினாள். ரவிசங்கர் முன் சீட்டில், கேள்வி கேட்கப்படாத மனிதனின் பயத்தோடு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தைரியம் வந்து, "அந்தத் தீவுல பளிச்சுன்னு ஆரஞ்சுக் கம்பம் நடுவாங்களாமே. நம்ம கலர் விதிப்படி அது..." என்று தொடங்கினார்.

"வாயை மூடிட்டு வாங்க," என்றாள் லக்ஷ்மிப்ரியா.

ராகவி பின் சீட்டில் இரண்டு குழந்தைகளுக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் அதிர்ந்தது. மதன்குமார். என்ன ஆச்சு என்று கேட்டிருந்தான். கிடைச்சிருச்சு என்று அவனுக்குப் போட்டுவிட்டு, நாளை வரை தள்ளிப்போடாமல் மேனேஜருக்கான மெயிலைத் திறந்தாள். அக்டோபர் ஆறு, திங்கட்கிழமை, காலை வருகிறேன் என்று ஒரே வரி எழுதி அனுப்பினாள்.

ஒரு நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. ரொம்பச் சந்தோஷம், உன் மேஜை அப்படியே இருக்கிறது.

ராகவி அதைப் படித்தாள். இத்தனை வாரமும், வேலைக்குத் திரும்பவில்லையா என்று கேட்டவர்களுக்கெல்லாம் சாலையைக் காட்டினாள். மாமியார் கேட்டபோது சாலை. தோழி கேட்டபோது சாலை. தனக்குத்தானே கேட்டுக்கொண்டபோதும் சாலைதான். இனி நடுவில் இரண்டு மீட்டர் நாற்பதுக்கு ஒரு தீவு இருக்கும், ப்ராம் தாராளமாக நிற்கும், அந்தப் பக்கம் டேகேர் வாசல் திறந்திருக்கும். இவர்கள் இருவரையும் அங்கே விட்டுவிட்டு அவள் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸில் ஏற வேண்டும்.

பார்த்தீபன் தூங்கிவிட்டான். அபர்ணா இவள் விரலைப் பிடித்துக்கொண்டு, தூக்கத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, ஒரு மாதிரி இருக்க?" என்றார் கிளமென்ட், பட்டியலின் நடுவே திரும்பி. "கேட்டது கெடைச்சிருச்சுல்ல."

"கெடைச்சிருச்சு அங்கிள்," என்றாள் ராகவி. "அதான்."